பன்னிரண்டாவது ஃபைல்

“பதினோரு ஃபைல் பாத்து பதினொன்னுலயும் தப்பா? மிச்சமிருக்கிற ஒன்னாவது தேறுமா வினிதா?”

பெங்களூரிலிருந்து மேலாளர் மாதவன் போனில் கத்தினார்.

புது மருந்தைச் சோதிக்கிற ஆஸ்பத்திரிகளுக்குப் போய், நோயாளிகள் அதைச் சொன்னபடி சாப்பிடுகிறார்களா என்று சரிபார்ப்பது வினிதாவின் வேலை. சேர்ந்து இருபது நாள்தான். ஓசூரில் முதல் ஆய்வு.

“பாத்துட்டு இருக்கேன் சார்.”

“அதுவும் தேறலைன்னா அந்த ஆஸ்பத்திரியே நமக்கு வேணாம். நீயும் வேற வேலை பாத்துக்க.”

கடைசி நோயாளியின் ஃபைலைத் திறந்தாள். சென்னம்மா, பாகலூர். ரத்த அழுத்தம் நூற்றெழுபதிலிருந்து நூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது. மூன்று மாத மாத்திரை அட்டைகளும் சுத்தமாகக் காலி. மாத்திரை சாப்பிட்டதைக் குறித்துவைக்கும் டைரியில் தினமும் ஒரே வரி: ‘காலை எட்டு மணி. ஆச்சு. நல்ல தூக்கம்.’

வினிதாவுக்கு அந்த டைரியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று சென்னம்மாவுக்குப் பரிசோதனை நாள். எதிரில் வந்து உட்கார்ந்தாள். கூட வந்த கணவர் சென்றாயன் வாசல் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“உங்க வீட்டுக்காரர் ரொம்பச் சாது போலிருக்கே.”

“இப்பத்தாம்மா. முன்னெல்லாம் பால்காரன், பஸ் கண்டக்டர் ஒருத்தரையும் விடமாட்டாரு. கம்பெனியில ரிடையர் ஆனதும் மூணு ஷிப்டும் என்கிட்டதான் சண்டை.”

சென்றாயன் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

“தல சுத்துதுடி.”

“வெயிலு. பேசாம உக்காருங்க.”

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

வினிதா ‘குறை ஏதுமில்லை’ என்று எழுதத் தொடங்கினாள். “பேருக்கு ஒரு கேள்விம்மா. மாத்திரையை ஒரு நாள் கூட மறக்கலையே?”

“மறப்பனா? களி கிண்டறதுக்கு முந்தியே மாத்திரைதான். முழுங்கிட்டாரான்னு நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் நகருவேன்.”

வினிதாவின் பேனா நின்றது.

“யாரு முழுங்கிட்டாரான்னு?”

“பிபி எதனால ஏறுதோ அதை மொதல்ல சரி பண்ணணும்னு டாக்டர்தானே சொன்னாரு?” சென்னம்மா மோவாயால் பெஞ்சைக் காட்டினாள். “எனக்கு முப்பது வருசமா ஏத்திவிடறது அதோ உக்காந்திருக்கு.”