மெழுகுவத்தி நிலவரம்

"போர் வருமா, வராதா? சாயங்காலத்துக்குள்ள சொல்லு. இந்தத் தடவையும் கோட்டை விட்டா, உன் நாற்காலியில வேற ஆளை உக்கார வெச்சிடுவேன்" என்றார் ஆய்வு மையத்தின் இயக்குநர்.

நிருபர் வேலையை விட்டுப் போர் ஆய்வாளர் ஆனவர் அசரவில்லை. அவருக்கு அன்றும் இன்றும் ஒரே கணக்குதான். அமைச்சர் பேச்சைக் கேட்காதே, மளிகைக் கடையைப் பார். மெழுகுவத்தி தீர்ந்துபோனால் போர் நிச்சயம்.

நேராகத் தன் வீட்டுத் தெருமுனைக் கடைக்குப் போனார்.

"மெழுகுவத்தியா? ஒண்ணுகூட இல்ல சார். காலையில ஒரு அம்மா வந்து பெட்டி பெட்டியா வாரிட்டுப் போனாங்க. அதைப் பார்த்துட்டுத் தெருவே ஓடி வந்து மிச்சத்தைத் துடைச்சிடுச்சு."

கடை வாசலில் நின்றபடியே அறிக்கையை அனுப்பினார்: போர் உறுதி. மாலையில் எல்லாத் தொலைக்காட்சியிலும் அதுதான் தலைப்புச் செய்தி.

பூரிப்போடு வீட்டுக்குள் நுழைந்தார். கூடத்தில் அவர் மனைவி மெழுகுவத்திப் பெட்டிகளை ஜன்னல் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன இதெல்லாம்?"

"நீங்கதானே நேத்து தூக்கத்துல 'போர் வருது, மெழுகுவத்தி வாங்கு'ன்னு கத்துனீங்க!"

"தூக்கத்துல உளறினதைப் போய் நம்புவியா?"

"முழிச்சிருக்கும்போது நீங்க சொன்னது எது நடந்திருக்கு?"

கைப்பேசி அடித்தது. இயக்குநர்தான்.

"பிரமாதம்யா! எந்தத் தேதியில ஆரம்பிக்கும்? உனக்குத் துப்பு கொடுத்த ஆளுகிட்ட கேட்டு உடனே சொல்லு."

அவர் தலையணையை எடுத்துக்கொண்டார்.

"நான் படுக்கிறேன். பக்கத்துலயே உக்காந்திரு. தேதி ஏதாவது சொன்னா குறிச்சு வை."