பளபளக்கும் கரடி

மேஜை விளக்கடியில் என் வார்ப்பிரும்புக் கரடி உண்டியல் ரத்தச் சிவப்பில் பளபளக்கிறது. அதன் நூறு வருடப் பெயின்ட்டுக்காகத்தான் மனைவியின் திட்டையும் சேர்த்து வாங்கினேன். மாமனார் அதை உப்புத்தாளால் தேய்த்தெடுத்துவிட்டு எனாமல் பூசியிருக்கிறார். "துரு ஏறிக் கிடந்துச்சு மாப்பிள்ளை. இப்ப பாருங்க!" கரடியின் கையில் காசை வைத்து வாலை அழுத்துகிறேன். காசை வாய்க்குக் கொண்டுபோக வேண்டிய கை அசையவில்லை. மூட்டில் பெயின்ட் இறுகிவிட்டது. என் காது கொதிக்கிறது. கத்த வாயைத் திறக்கிறேன். அவரோ கரடிக்கு ஒவ்வொன்றாக வரைந்த இமைமுடியைக் காட்டுகிறார், அவர் நகமெல்லாம் சிவப்பு. "டப்பாவுல பாதி மிச்சமிருக்கு. அலமாரில இருக்கிற மத்த பழைய உண்டியலுக்கும் அடிச்சிடலாமா?" பாய்ந்துபோய் அலமாரிக் கதவில் முதுகை ஒட்டி, இரண்டு கையையும் விரித்து நிற்கிறேன். "இமை நல்லா வந்திருக்கு மாமா" என்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.