மூன்றடிக்கு மேல்

சுண்ணாம்பு மட்டையால் கடைசி இழுப்பை இழுத்துவிட்டு அவள் இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள்.

அடுக்களைச் சுவர் பளிச்சென்று இருந்தது.

ஆறு ஊருக்குள் வந்துபோய்ப் பதினோரு நாள். போகும்போது இடுப்பு உயரத்துக்கு ஒரு சேற்றுக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தக் கோடு இப்போது இல்லை. அரை வாளிச் சுண்ணாம்பில் போய்விட்டது.

வாசலில் பைக் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த கொம்பையா, அவள் கணவர், இறங்கி உள்ளே வந்தார். கூடவே பைக்கை ஓட்டிவந்த காண்ட்ராக்டர்.

கொம்பையா சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். முன்தலையெல்லாம் சுண்ணாம்புத் துளிகள்.

"என்ன வடிவு, இப்படிச் செஞ்சு வச்சிருக்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பதினோரு மணிக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிறார். வெள்ளத்தில் என்ன கெட்டது என்று கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு போக வருகிறார். அதுவரை எதையும் தொடாதே என்று கொம்பையா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளும் பத்து நாள் தொடவில்லை. சேற்றுச் சுவருக்கு முன்னால் நின்றுதான் சமைத்தாள்.

ஆனால் இன்று வீட்டுக்கு ஆள் வருகிறது. அதுவும் ஆபீஸ் ஆள். சுவர் இப்படி நின்றால் வருகிறவர் என்ன நினைப்பார்? விடிந்ததும் விடியாததுமாகச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டாள்.

வீட்டுக் கடனோடு வங்கி தலையில் கட்டிய இன்சூரன்ஸ் அது. அந்தப் பணம் வந்தால்தான் சுவர். வராவிட்டால் அடுத்த மழைக்கு அடுக்களையே இருக்காது.

கொம்பையா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் தலையைத் துடைத்துவிட்டார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

காண்ட்ராக்டர் ஞானதுரை அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

சுவர் வேலைக்குக் கொம்பையா பார்த்த மூன்றாவது ஆள் அவர். முதலில் வந்தவர், தண்ணீரே ஏறாத மாடியையும் சேதமென்று எழுதிவிடலாம் என்றார். இரண்டாவது ஆள் சுவரைத் தொட்டே பார்க்கவில்லை. வெறும் தாளில் கையெழுத்துக் கேட்டார். இரண்டு பேரையும் கொம்பையா வாசலோடு அனுப்பிவிட்டார். டிக்கெட் எடுக்காத ஆளை முப்பது வருஷமாக ஒரு ஸ்டாப்கூட ஏற்றிப்போகாத பஸ் கண்டக்டர் அல்லவா.

பிறகு ஞானதுரை கட்டிய நாலு வீட்டுக்கு நடந்தார். வீட்டுக்காரர்களை விட்டுவிட்டு, அடுக்களையில் நிற்கிற பெண்களிடம் கேட்டார். தொட்டித் தண்ணீர் தேங்காமல் போகிறதா, மழைக்கு ஒழுகுகிறதா என்று. நாலு வீட்டிலும் நல்ல பேர். நம்பிக்கையான ஆள் கிடைத்துவிட்டான் என்று நேற்று முழுக்க அதே பேச்சு.

அந்த மனுஷன்தான் இப்போது ஞானதுரையின் காதருகே போனார். சாக்கடைத் தண்ணீரை அள்ளிச் சுவரில் ஊற்றிவிடுவோமா என்று கேட்டார்.

வேண்டாம் அண்ணாச்சி, உள்ளே இருப்பதே போதும் என்றார் ஞானதுரை.

சர்வேயர் வந்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

யார் வெள்ளையடித்தது என்று கேட்டார்.

நான்தான் என்றாள் வடிவு. ஆள் வருகிறார்களே என்று அடித்துவிட்டேன் என்றாள். அதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சர்வேயருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அடக்கிக்கொண்டார்.

ஞானதுரை கொத்துக்கரண்டியின் காம்பால் முழங்கால் உயரத்தில் தட்டினார். பொத்தென்று சத்தம். இரண்டு கொத்துக் கொத்தினார். பூச்சு பாளமாக விழுந்தது. உள்ளே செங்கல் ஊறிக் கிடந்தது. விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. இடுக்கெல்லாம் ஆற்று வண்டல்.

சர்வேயர் படம் எடுத்தார். ஒன்றல்ல, பத்துப் படம்.

வடிவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சர்வேயர் பேனாவைத் திறந்தார். முழுச் சுவரையும் இடித்துத்தான் கட்டவேண்டி வரும், இல்லையா என்று ஞானதுரையிடம் கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அப்படியே எழுதிக்கொள்வார். புது அடுக்களையே வந்துவிடும்.

கொம்பையா இருமினார்.

ஞானதுரை சுவரின் மேல்பக்கம் தட்டிப் பார்த்தார். இடம் இடமாக, நிதானமாக. எல்லா இடமும் கெட்டியாகக் கேட்டது.

"மூணடிக்கு மேல சுவரு நல்லாருக்கு சார். கீழ உள்ளதத் துண்டு துண்டா எடுத்துக் கட்டுனாப் போதும்."

சர்வேயர் அதையே எழுதிக்கொண்டு போனார்.

ஞானதுரை கை கழுவினார். வேலையைத் தருவதாக இருந்தால் போன் போடுங்கள் அண்ணாச்சி என்றார். கொம்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞானதுரையும் நிற்காமல் வெளியே போனார்.

"வாயத் திறக்காம இருந்திருக்கலாம்லா," என்றார் கொம்பையா, சுவரைப் பார்த்து.

அவளுக்கும் ஆசை இருந்தது. அந்தப் பேனா திறந்த நேரத்தில் கிரானைட் மேடைகூட மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டாள்.

ஆனால் இந்த மனுஷனை நாற்பது வருஷமாகப் பார்க்கிறாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. பிரியமாகவும் இருந்தது.

"நம்மகிட்ட மட்டும் நேர்மையா இருக்கிற ஆளு எங்கங்க கிடைப்பான்?"



வெளியே பைக்கை உதைக்கிற சத்தம். ஒரு தரம். இரண்டு தரம்.

மூன்றாவது உதையில் கிளம்பிவிட்டது.

கொம்பையா ஓடினார். ஞானதுரையை நிற்கச் சொல்லி அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

வடிவு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

அவர் மாட்டிக்கொண்டு ஓடியது அவளுடைய செருப்பை.