ஆளுக்குப் பாதி

"அக்கா, அசையாதீங்க! மூச்சுகூட விடாதீங்க, பறந்துடும்!"

பல் டாக்டர் போட்ட சத்தத்தில், கையில் விரித்த ஆல்பத்தோடு டீச்சர் அப்படியே சிலையாகிவிட்டாள். அவள் மூக்கு நுனியில் ஒரு தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"எந்த நாடு?" என்றாள் உதட்டை அசைக்காமல்.

தங்கை, தன் பல் கிளினிக்கிலிருந்து எடுத்து வந்த பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் அக்காவின் மூக்கை உற்றுப் பார்த்தாள். இடுக்கியால் பூப்போல எடுத்தாள்.

"முக்கோணம். ஒட்டகம் போட்டிருக்கு. இந்தப் பேர்ல இப்ப ஒரு நாடே கிடையாதுக்கா!"

"நாடே காணாமப் போச்சு. என் மூக்குல மட்டும் உசுரோட இருந்திருக்கு!"

இருவரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அது வக்கீல் அலுவலகத்தின் பின்னறை. மேஜை மேல் பத்து ஆல்பங்கள். ஐந்து நீல அட்டை, ஐந்து சிவப்பு அட்டை. அப்பா நாற்பது வருஷமாக உலகம் பூராவிலுமிருந்து சேர்த்த தபால்தலைகள். உயிலில் ஒரே வரிதான்: "என் இரண்டு மகள்களுக்கும் சரிபாதி." மதியம் ஒரு மணிக்குள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வராவிட்டால் மொத்தமும் ஏலத்துக்குப் போய்விடும் என்று வக்கீல் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சொத்துப் பிரிக்க வந்தவர்களை இருபது வருஷமாகப் பார்த்தவர் குமாஸ்தா. முன்ஜாக்கிரதையாக அறையிலிருந்து கத்தரிக்கோலையும் பேப்பர்வெயிட்டையும் எடுத்துவிட்டிருந்தார்.

முதல் அரைமணி நேரம் அவர் பயந்தது போலத்தான் இருந்தது. டீச்சர் நீல ஆல்பத்தைப் புரட்டினாள். டாக்டர் சிவப்பு ஆல்பத்தைப் புரட்டினாள். ஒருத்தியின் ஆல்பத்தை மற்றவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு டீச்சர் தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"இந்தப் பறவை செட்டுல எப்பவும் நாலு குறையும். கேட்டா, 'வரும் வரும்'னு சிரிப்பார்."

டாக்டர் தன் ஆல்பத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள். அதில் மீதி நாலு பறவைகள்.

டீச்சர் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "அடப்பாவி அப்பா!" என்றாள். அங்கே ஆரம்பித்த சிரிப்புதான்.

பூக்கள் செட்டில் நீலத்தில் மூன்று, சிவப்பில் மூன்று. ரயில் எஞ்சின்களில் இங்கே ஐந்து, அங்கே ஐந்து. ஒவ்வொரு ஜோடி சேரும்போதும் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கை தட்டிக்கொண்டார்கள்.

"மாசத்துல பதினஞ்சு நாள் டூர். முடிஞ்சு வந்தா சட்டைகூட மாத்த மாட்டார். நேரா நீல ஆல்பம்தான்," என்றாள் டீச்சர்.

"சிவப்புக்கும் அதே மரியாதைதான்க்கா. காபி ஆறிப் பச்சைத் தண்ணியா போயிடும்."

"'தொடாதே, கை எண்ணெய் படும்'னு..."

"'...இடுக்கியால எடுடா தங்கம்!'"

இருவரும் ஒரே குரலில் முடித்தார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததாலா, வேறு எதனாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசி சிவப்பு ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் டாக்டரின் இடுக்கி நின்றது.

"அக்கா, இதைப் பாருங்க. ரெண்டு கப்பல். ஒண்ணு நேரா இருக்கு. ஒட்டிக்கிட்டிருக்கிற இன்னொண்ணு தலைகீழா நிக்குது!"

டீச்சர், ஆல்பங்களோடு இருந்த தபால்தலை விலைப்பட்டியல் புத்தகத்தை வெறிபிடித்தவள் போலப் புரட்டினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"சொல்லுங்கக்கா!"

"தனித்தனியா இருந்தா... ஒரு பஸ் டிக்கெட் காசு."

"ஒட்டியிருந்தா?"

"ஒரு காரு!"

இருவரும் வீறிட்டார்கள். குமாஸ்தா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"யாருக்கும்மா அடிபட்டுச்சு?"

அங்கே டீச்சரும் டாக்டரும் கைகோத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே வக்கீலும் வந்தார். கடிகாரத்தைக் காட்டினார்.

"மணி ஒண்ணு. பிரிச்சாச்சாம்மா?"

"இல்லை சார்," என்றாள் டீச்சர், மூச்சு வாங்க.

வக்கீல் பெருமூச்சு விட்டார். "அப்ப ஏலம்தான்."

"ஏலமும் இல்லை. பிரிக்கிறதாவே இல்லை. பத்தும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"ஒண்ணாவா? யார் வீட்டுல?"

டீச்சர் தங்கையைப் பார்த்தாள். தங்கை முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "பதினஞ்சு நாள் அக்கா வீட்டுல. பதினஞ்சு நாள் என் வீட்டுல."

சொன்னதுதான் தாமதம், இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்கள். வக்கீலின் உதடுகூடத் துடித்தது. இதில் என்ன அப்படியொரு சிரிப்பு என்று குமாஸ்தாவுக்கு மட்டும் விளங்கவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆல்பங்களைப் பங்கு போட்டுச் சுமந்துகொண்டு, "பார்த்து அக்கா, படி இருக்கு," "நீ முதல்ல பார்த்து நட," என்று பேசிக்கொண்டே அவர்கள் படியிறங்கிப் போனார்கள். குமாஸ்தா ஜன்னல் வழியாக அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன் சார். அக்கா தங்கச்சி இவ்வளவு ஒட்டுதலா இருந்து பார்த்ததே இல்லை. சின்ன வயசுலேருந்தே இப்படித்தானா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சின்ன வயசுலேருந்தா? அப்பாவுக்கு இன்னொரு வீடும் இன்னொரு பொண்ணும் இருக்கிற விஷயத்தை நான் உடைச்சு, ரெண்டு பேரும் முதல் தடவையா ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததே இன்னைக்குக் காலையில பத்து மணிக்குத்தான்யா!"