நேரில் போய் விசாரித்தேன்

நகக்கண்ணில் காய்ந்து கிடந்த வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டியபடி நின்றார் தணிக்கை எழுத்தர். மேஜைக்கு அந்தப் பக்கம் மேலதிகாரியம்மா அவருடைய அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார்.

சட்டமன்ற உறுப்பினர்களின் பயணப்படி, சாப்பாட்டுப்படி பில்களுக்குச் சீல் குத்திக் குத்தியே எழுத்தருக்குப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. அத்தனை வருஷமும் வயிற்றெரிச்சல்தான். நம் வரிப்பணத்தில் ஊர் சுற்றுகிறார்கள், வேளாவேளைக்குத் தின்றுவிட்டு பில்லை நீட்டுகிறார்கள், கேட்க ஒரு நாதியில்லை என்று வீட்டிலும் புலம்பல், அலுவலகத்திலும் புலம்பல்.

இப்போதுதான் ஒருத்தர் வசமாகச் சிக்கியிருந்தார். ஆற்றோரத்தில் ஏதோ ஒரு கடைக்கோடி ஊருக்குப் போன வருஷம் மட்டும் பன்னிரண்டு தடவை போனதாகப் படி வாங்கியிருந்தார் அந்த உறுப்பினர். நேரில் போய் விசாரித்து வரச்சொல்லி எழுத்தரை அனுப்பியிருந்தார்கள். நாளைக்கு இந்த அறிக்கை சட்டமன்றக் குழுவின் முன்னால் போனால் அந்த ஆளின் பதவிக்கே ஆபத்து. எல்லாருடைய படியும் நின்றாலும் நிற்கும்.

“தூரத்துல இருந்து வர்ற உறுப்பினருங்க கைக்காசு போட்டா அலைய முடியும்?” என்றார் அதிகாரி, தலை நிமிராமல்.

“அலைஞ்சாத்தானே மேடம்? போன வாரம் ரெண்டு நாள் வெயில்ல நான் தெருத்தெருவா நடந்தேன். முப்பது பேர்கிட்ட கேட்டாச்சு. அந்த ஆளை ஒருத்தரும் கண்ணால பார்த்ததில்லையாம்.”

சொல்லும்போதே அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்சமும் கூச்சமில்லாமல் இப்படியா ஏய்ப்பார்கள்? அறிக்கைக்கு அடியில், தன் பஸ் செலவுக்கும் நாலு வேளைச் சாப்பாட்டுக்குமான படிவத்தையும் மறக்காமல் செருகியிருந்தார்.

அதிகாரி ஒரு புகைப்படத்தை அவர் பக்கம் நகர்த்தினார். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். நடுவே ஒரு மேல்நிலைத் தொட்டியின் தலை மட்டும் தெரிந்தது. இது எந்த இடமென்று தெரிகிறதா என்று கேட்டார்.

எழுத்தர் உற்றுப் பார்த்தார். ஏதோ ஏரி போலிருக்கிறது, தான் அந்தப் பக்கமெல்லாம் போனதில்லை என்றார்.

“உறுப்பினரோட பதில் இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு. புது அணைக்காக ஜனங்களைக் காலி பண்ணி, வேற இடத்துல குடிவைக்கத்தான் அத்தனை தடவை போயிருக்கார். அந்த ஊர் தண்ணிக்குள்ள போயி மூணு மாசம் ஆச்சு.”

அதிகாரி எழுத்தரின் நகக்கண்ணில் இருந்த வெள்ளைப் பெயிண்டையே பார்த்தார்.

“நீங்க யார்கிட்ட விசாரிச்சீங்க?”