க்யூப் கலவை

அந்தப் பாலம் கட்டிய இடத்தில் இரண்டு கலவைகள் இருந்தன. ஆய்வகத்தில் உடைத்துப் பார்ப்பதற்காக அனுப்பும் சிறு கான்கிரீட் கட்டிகளுக்கு மட்டும் சிமெண்டைத் தாராளமாகப் போடுவார்கள். மேஸ்திரி அங்கமுத்து அதற்கு க்யூப் கலவை என்று பெயர் வைத்திருந்தார். மற்றது பாலத்துக்குப் போனது. கட்டிகள் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. பொறியாளர் குணசீலன் எல்லாத் தாள்களிலும் கையெழுத்திட்டார். பிறகு தன் சொந்த வீட்டுக்குத் தூண் எழுப்பவும் அங்கமுத்துவையே அழைத்தார்.

"எந்தக் கலவைங்க சார்?"

"க்யூப் கலவைதான்யா," என்றார் குணசீலன், குரலைத் தாழ்த்தி.

காபி கொண்டுவந்த அவர் மனைவி, "அதென்ன க்யூப் கலவை?" என்று கேட்டாள்.

"உடைச்சுப் பாக்குற கல்லுக்குப் போடுறதுங்கம்மா," என்றபடி அங்கமுத்து மூட்டையைப் பிரித்தார். "சனங்க போறதுக்குப் போடுறது வேற."