ஏழாம் குழுவின் நான்காவது பதில்

நாலரை மணிக்கு ஜாஸ்பரின் போன் தலையணைக்கு அடியிலிருந்து மறுபடியும் முனகியது.

அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் எடுத்துப் பார்த்தாள். "குழு 7. ஜாஸ்பர் அவர்களே, உங்கள் பதில் மட்டும் வரவில்லை. இன்னும் முப்பது நிமிடங்களே உள்ளன."

கல்லூரியின் கலந்துரையாடல் பக்கம் தானாக அனுப்பும் செய்தி. அதற்கு என்ன தெரியும், பாவம்.

ஜாஸ்பர் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். காலையில் பாதி ஷேவிங்கில் வாஷ்பேசின் அருகிலேயே சரிந்தவர்தான். மிச்சமிருந்த கன்னத்தை அவர் தங்கை டீனாவின் கணவர் மழித்துவிட்டார்.

ஐந்து மணிக்குக் கோயிலுக்கு எடுக்க வேண்டும். கல்லூரியின் இந்தப் பக்கமும் ஐந்து மணிக்குத்தான் மூடுகிறது.

அவளுக்கு அழுகை வரவில்லை. சாந்தோம் கோயில் பங்கு மக்களில் பாதிப்பேர் வந்து தோளைப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டார்கள். முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அறைக்குள் வந்திருந்தாள்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் அவர். நாற்பத்தொன்பது வயதில் கரஸ்ஸில், அதாவது அஞ்சல் வழியில், பட்டப்படிப்பில் சேர்ந்தார். நாலு பேருக்கு ஒரு குழு. நாலு பேரும் அந்தக் கலந்துரையாடல் பக்கத்தில் பதில் எழுத வேண்டும், ஒருவர் எழுதாவிட்டாலும் நாலு பேருக்கும் அந்தப் பாடம் போச்சு.

மற்ற மூவர் அசோக் நகர் ஸ்ரீரஞ்சனி, ராயப்பேட்டை நஸ்ருன்னிசா, சிந்தாதிரிப்பேட்டை ரகுபதி. பெயருக்குப் பக்கத்தில் ஒருவர் படம் ரோஜாப்பூ, ஒருவர் படம் குழந்தை, ஒருவர் படம் முருகன். ஒரு வருடமாகப் பேசுகிறோம், ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது என்று ஜாஸ்பர் பெருமையாகச் சொல்வார்.

நஸ்ருன்னிசா இந்தப் பாடத்தை எழுதுவது மூன்றாவது தடவை என்றும் சொல்லியிருக்கிறார். இதிலும் போனால் வீட்டில் படிக்க விட மாட்டார்களாம்.

எப்போதும் கடைசியில் எழுதுவது ஜாஸ்பர்தான். மணி அடித்த பிறகு வகுப்புக்கு ஓடிவருபவர் என்று ரகுபதி அவரைக் கிண்டல் செய்வார்.

அவருடைய தடித்த விரலுக்குப் போனில் ஒரே சமயத்தில் இரண்டு எழுத்து விழும். அதனால் அவர் ஷேவ் செய்துகொண்டே சொல்லச் சொல்ல, ஃப்ளோரன்ஸ்தான் கட்டிலில் உட்கார்ந்து தட்டுவாள்.

இன்று காலையும் கூப்பிட்டார். இட்லி அடுப்பில் இருந்தது. அஞ்சு நிமிஷம் இருங்க என்றாள்.

அவர் என்ன சொல்ல இருந்தார் என்று அவளுக்குத் தெரியாது.

பக்கத்தைத் திறந்தாள். கேள்வி மேலேயே இருந்தது. 'இருபது ஆண்டுகளில் உங்கள் தெருவில் மாறிய ஒன்றைப் பற்றிக் குழுவினருடன் பகிர்ந்துகொள்ளுங்கள். நூறு சொற்களுக்குக் குறையாமல்.'

யோசிக்க எதுவும் தோன்றவில்லை. ஜன்னல் வழியே தெரிந்ததை எழுதினாள்.

'நண்பர்களே, வணக்கம். முன்பெல்லாம் எங்கள் தெருவில் யாராவது இறந்தால் கோயில்வரை தோளில் தூக்கிப் போவோம். இப்போது இரண்டு பக்கமும் கார் நிற்கிறது. நாலு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. அதனால் வண்டி வருகிறது. வண்டியும் உள்ளே வர முடியாமல் முனையிலேயே நிற்கிறது...'

டீனா கதவை லேசாகத் தள்ளினாள்.

"அண்ணி, ஃபாதர் வந்துட்டாரு. உள்ள என்ன பண்ணிக்கினு இருக்கீங்க?"

"அஞ்சு நிமிஷம்மா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. கை மட்டும் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது.

அனுப்பப் போனால் நான்கு சொற்கள் குறைகின்றன என்றது பக்கம்.

ஜாஸ்பர் ஒவ்வொரு முறையும் கடைசியில் சொல்லும் வரி ஒன்று உண்டு. அதைச் சேர்த்தாள். 'பிழை இருந்தால் பொறுத்தருளவும் நண்பர்களே.'

அனுப்பினாள். மணி நாலு ஐம்பத்தைந்து.

கூடத்தில் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவே டிங் என்று ஒரு போன் அடித்தது. உடனே இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. மூன்றும் ஒரே சத்தம், ஜாஸ்பரின் போனில் அவள் வருடம் முழுக்கக் கேட்ட அதே சத்தம்.

அவள் கதவிடுக்கில் பார்த்தாள்.

செருப்பு ஸ்டாண்டு அருகே பர்தா அணிந்த ஒரு பெண். ஐஸ் பெட்டியின் கால்மாட்டில், கழுத்தில் ஆபீஸ் அட்டையைக் கழற்றாமல் ஒரு பெண். தண்ணீர் கேன் பக்கத்தில் ஒல்லியாக ஒரு மனிதர். இரண்டு மணியிலிருந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோடும் பேசவில்லை. டீனா காலையில் ஜாஸ்பரின் போனிலிருந்து எல்லா நம்பருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பெற்றோராக இருக்கும் என்று ஃப்ளோரன்ஸ் நினைத்திருந்தாள்.

மூவரும் போனைப் பார்த்தார்கள். பிறகு பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு, முதல் முறையாக, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பர்தா அணிந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தண்ணீர் கேன் பக்கத்து மனிதர் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துவிட்டு, குனிந்து ஏதோ தட்டினார்.

ஃப்ளோரன்ஸின் கையில் போன் அதிர்ந்தது.

'ரகுபதி: சார், முதல் தடவையா அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க.'